ஹை-ஃபை சாதனம் வாங்கும்போது ஒலித்தரத்தைத் தவிர வேறு எவை முடிவைத் தீர்மானிக்கின்றன?

நல்ல ஒலிதான் நோக்கம் என்றால் தோற்றம், பிராண்டு, எடை என்று வேறு எதையெதையோ ஏன் பார்க்கிறார்கள், அது ஏமாளித்தனம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றைப் பார்ப்பதில் தவறில்லை என்பதே என் கருத்து. நண்பர்களுக்குச் சாதனம் தேர்ந்தெடுக்க உதவிவருபவன் என்ற முறையில் நான் காணும் சிக்கல் வேறு: அந்தக் காரணங்களை யாரும் அவற்றின் பெயரிலேயே சொல்வதில்லை. முகப்பின் அழகுக்காக வாங்கிய ஆம்ப்ளிஃபையரை, அதில் குரல்கள் இதமாக ஒலிக்கின்றன என்று சொல்லித்தான் நியாயப்படுத்துகிறோம்.

அப்படிச் சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் கேட்கிறது. 1994இல் ஒலியியல் ஆய்வாளர்களான ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. 40 பேரை அமர்த்தி, நான்கு ஸ்பீக்கர்களைத் திரை மறைவில் ஒருமுறையும் கண்ணெதிரே ஒருமுறையும் கேட்கவைத்து மதிப்பெண் வாங்கினார்கள். திரைக்குப் பின்னால் இருந்தபோது நன்றாகவே தேறிய, குட்டி ஸ்பீக்கர்களும் ஆழ்ந்த ஒலிக்கான சப்வூஃபரும் சேர்ந்த, விலை குறைந்த சிறிய தொகுதி ஒன்று, கண்ணில் பட்டதும் மதிப்பெண்ணில் சரிந்தது. பெரிய, எடுப்பான ஸ்பீக்கர்கள் உயர்ந்தன. இதைவிட எனக்கு வியப்பளித்தது இன்னொன்று. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைக்கும்போது ஒலியில் மெய்யாகவே வேறுபாடு உண்டாகிறது. திரை இருந்தபோது அதைக் கவனித்த காதுகள், பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. ஆக, கண் பார்ப்பது மனத்துக்குப் புதிய கருத்தைத் தருவதோடு நிற்காமல், காது தரும் செய்தியையும் அமுக்கிவிடுகிறது.

கையும் இதில் பங்கு கொள்கிறது. கடைந்தெடுத்த அலுமினியக் குமிழ் எங்கும் ஆட்டம் காணாமல் ஒரே சீரான இறுக்கத்துடன் சுழன்றால், பாட்டு தொடங்கும் முன்பே அந்தச் சாதனத்தின் மீது நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்த இறுக்கம் பல நேரங்களில் கெட்டியான கிரீஸ் தரும் உணர்வுதான். அமெரிக்க நிறுவனமான மெக்கின்டாஷின் ஆம்ப்ளிஃபையர்களில் ஒளிரும் நீல மீட்டர்களை இருட்டறையில் பார்த்தவர்களுக்கு, அவை வாங்குபவரின் முடிவில் எவ்வளவு பங்கு வகிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எடையும் அப்படியே. பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் வெப்பத் தகடுகளும் கொண்ட பழைய முறை ஆம்ப்ளிஃபையர் கனமாக இருந்தே தீரும். வெப்பமாக வீணாகும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், கிளாஸ் டி எனப்படும் புதிய வகை ஆம்ப்ளிஃபையர் அதே வாட் அளவைக் கையடக்கமான பெட்டியிலேயே தந்துவிடுகிறது. ஆயினும் அதைத் தூக்கிப் பார்ப்பவர், இதில் என்ன இருக்கப்போகிறது என்றே முதலில் நினைக்கிறார்.

கடையில் ஒப்பிட்டுக் கேட்பது இதையெல்லாம் களைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஒரே ஆம்ப்ளிஃபையரில், குமிழை நகர்த்தாமல், 84 டெசிபல் உணர்திறன் (அதே மின்திறனில் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு) கொண்ட ஸ்பீக்கரையும் 90 டெசிபல் ஸ்பீக்கரையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டால் பெரும்பாலும் இரண்டாவதே வெல்லும். முதலாவது அதே உரப்பை எட்ட நான்கு மடங்கு வாட் வேண்டும். இதைவிட மிகச் சிறிய, ஒரு டெசிபலுக்கும் குறைவான வேறுபாட்டையோ நம் காது உரப்பு என்று உணர்வதில்லை, தெளிவு என்றும் உயிர்ப்பு என்றும்தான் உணர்கிறது. விற்பனையாளர் இதைத் தெரிந்தே செய்கிறாரா என்பது வேறு விஷயம்.

இனி, மறைக்க வேண்டிய அவசியமே இல்லாத காரணங்கள். பின்புறம் காற்றுத் துளை கொண்ட ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) வீங்கும். அதைக் கூடத்தின் நடுவே இழுத்துப் போட வீட்டில் இருப்பவர்கள் சம்மதிக்கவில்லை என்றால், சுவரோரம் வைப்பதற்கென்றே வடிவமைத்த எளிய ஸ்பீக்கர்தான் அந்த வீட்டுக்கு உயர்ந்தது. எப்போதும் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் பாட்டு கேட்காத வேளையிலும் அடுப்பாகச் சுடும் கிளாஸ் ஏ வகை ஆம்ப்ளிஃபையரும், ரிமோட் இல்லாத சாதனமும் சில மாதங்களில் அணைந்தே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒலிக்காத சாதனத்தின் ஒலித்தரத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

பழுதுபார்ப்பு வசதியும் மறுவிற்பனை மதிப்பும் இவ்வகையைச் சேர்ந்தவையே. 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளின் (இசைத்தட்டு சுழற்றியின்) பழைய பிரதிகள் இன்றும் கைமாறுவதற்கு அதன் உழைக்கும் திறனும் எளிதில் கிடைக்கும் உதிரிபாகங்களும் பெரிய காரணங்கள். மாறாக, ஸ்ட்ரீமிங் வசதியை உள்ளேயே கொண்ட ஆம்ப்ளிஃபையரின் ஆயுள், நிறுவனம் அதன் செயலியை (ஆப்) புதுப்பிப்பதை நிறுத்தும் நாளோடு பாதி முடிந்துவிடும். அதனால்தான் அந்த வேலையைத் தனிப் பெட்டிக்கு விடும்படி நான் சொல்வது வழக்கம்.

வரலாற்றுக்காக வாங்குபவர்களும் உண்டு. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான இடத்துக்காக பிபிசி 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரின் உயரம் சுமார் 30 சென்டிமீட்டர்தான். ஆழமான பேஸை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் குரல்களை அது கையாளும் விதத்துக்காகவும் அந்தப் பெயருக்காகவும் இன்றுவரை தேடி வாங்குகிறார்கள். இந்த இரண்டில் எது எவ்வளவு என்று கேட்டால், வைத்திருப்பவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே நீங்கள் வாங்கப்போவது ஆம்ப்ளிஃபையர் என்றால், உங்கள் ஸ்பீக்கருக்குப் போதுமான திறன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உரப்பைச் சமன்செய்து, எது ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்டுப் பாருங்கள். வேறுபாடு பிடிபடவில்லை என்றால் அழகானதையோ பழுதுபார்க்க எளிதானதையோ கூசாமல் எடுத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கருக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அங்கே வேறுபாடுகள் பெரியவை, உங்கள் அறை அவற்றை மேலும் மாற்றிவிடும். எனவே திருப்பித்தர அனுமதிக்கும் இடத்தில் வாங்கி, அது நிரந்தரமாக நிற்கப்போகும் மூலையிலேயே வைத்து, சில நாட்கள் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.