மரக்கூழ்த் தாளில் பிறந்த வீரர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் நண்பர்கள் சிலரும் ராபர்ட் இ. ஹோவர்ட், கிளார்க் ஆஷ்டன் ஸ்மித், சி. எல். மூர் ஆகியோரின் பழைய மாயக்கதைகளை ஒருவர் மாற்றி ஒருவர் படித்து வருகிறோம். புத்தகங்களைக் கைமாற்றிக்கொள்வதோடு நில்லாமல் நாங்களும் ஏதாவது எழுதவும் வரையவும் விரும்புகிறோம். இதற்கு முன்மாதிரிகள் உண்டா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நிறையவே உண்டு. மரக்கூழால் செய்த மலிவான தாளில் அச்சிடப்பட்டதால் ‘பல்ப்’ என்று பெயர் பெற்ற அந்த இதழ்களில், மாயக்கதைகளுக்கு மிகவும் பேர்போன ‘வியர்ட் டேல்ஸ்’ 1923 மார்ச்சில் சிகாகோவில் தொடங்கப்பட்டது. அதில் ‘தி ஐரி’ என்ற வாசகர் கடிதப் பகுதி இருந்தது. ஓர் இதழில் எந்தக் கதை சிறந்தது, எது சோடை போனது என்று வாசகர்கள் அங்கே வெளிப்படையாக வாதாடினார்கள். அந்தக் கடிதங்களை எழுதியவர்களில் சிலர் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் ஆனார்கள்.

வாசகர்கள் தாங்களே நடத்திய சிற்றிதழ்களின் பங்கு இதைவிடப் பெரிது. 1933 செப்டம்பரில் சார்லஸ் ஹார்னிக் என்ற பதினேழு வயது இளைஞர் ‘தி ஃபேண்டஸி ஃபேன்’ என்ற சிறிய இதழைத் தொடங்கினார். ஹோவர்ட் எழுதிய பனி அரக்கனின் மகள் கதையை ‘வியர்ட் டேல்ஸ்’ ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் திருப்பி அனுப்பியிருந்தார். ஹோவர்ட் தம் பல கதைகளின் நாயகனான கோனன் என்ற வீரனின் பெயரை மட்டும் அம்ரா என்று மாற்றி அதை இந்த இளைஞரின் இதழுக்குக் கொடுத்தார். 1934 மார்ச் இதழில் கதை வெளிவந்தது. பணம் கொடுக்கும் இதழ் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தக் கதையை இன்று கோனன் கதைகளில் முக்கியமான ஒன்றாகப் பலரும் மதிக்கிறார்கள்.

உங்கள் குழுவுக்கு மிகவும் பொருந்தக்கூடிய முன்மாதிரி பி. ஷைலர் மில்லர், ஜான் டி. கிளார்க் ஆகிய இரு வாசகர்கள் செய்த வேலை என்று கருதுகிறேன். இவர்களில் கிளார்க் வேதியியலாளர். பிற்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக ராக்கெட் எரிபொருள் ஆய்வில் ஈடுபட்டவர். கோனன் கதைகள் காலவரிசையில் எழுதப்பட்டவை அல்ல. முதலில் அச்சான கதையில் அவன் நடுவயது அரசன்; அடுத்தடுத்த கதைகளில் திருடன், கடற்கொள்ளையன், கூலிப்படை வீரன் என்று முன்னும் பின்னுமாக வருகிறான். மில்லரும் கிளார்க்கும் ஒவ்வொரு கதையிலும் அவன் வயதைப் பற்றியும், போன நாடுகளைப் பற்றியும் வரும் குறிப்புகளையெல்லாம் திரட்டி, அவனுடைய வாழ்க்கையை வரிசைப்படுத்தி, ஒரு வரைபடமும் தயாரித்து ஹோவர்டுக்கே அனுப்பிவைத்தார்கள். 1936 மார்ச் 10 அன்று அவர் எழுதிய பதிலில், அவர்களின் கணிப்பு பெரும்பாலும் சரியென்று ஒப்புக்கொண்டு, விடுபட்ட இடங்களைத் தாமே நிரப்பிக் கொடுத்தார். அதே ஆண்டு ஜூன் 11 அன்று, முப்பதே வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த இருவரும் கேட்டிராவிட்டால் கோனனின் முழு வாழ்க்கையைப் பற்றிப் படைத்தவரே சொன்ன விளக்கம் நமக்குக் கிடைத்திருக்காது. அவர்களின் தொகுப்பு, கோனன் வாழும் கற்பனைக் காலத்தைப் பற்றி ஹோவர்ட் எழுதிய ஹைபோரிய யுகக் கட்டுரையோடு சேர்ந்து 1938இல் சிறு நூலாக வெளிவந்தது.

இதே உழைப்பை நீங்கள் ஸ்மித்தின் ‘ஜோதீக்’ கதைகளில் செலுத்தலாம். சூரியன் மங்கிப்போன எதிர்காலத்தில் பூமியில் எஞ்சியிருக்கும் கடைசிக் கண்டம் அது. 1932 முதல் சிதறலாக வெளிவந்த அந்தக் கதைகளில் வரும் ஊர்கள், தீவுகள், அரச வம்சங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே வந்தால், ஓர் அழகான வரைபடமும் பெயரகராதியும் உருவாகிவிடும். ஸ்மித்தும் எழுத்தோடு நிற்கவில்லை. கலிபோர்னியாவின் ஆபர்ன் அருகே வாழ்ந்த அவர் ஓவியம் தீட்டினார், மென்கற்களில் விசித்திர உருவங்களைச் செதுக்கினார். ஆகவே உங்கள் குழுவில் வரைபவர்களுக்கும் அவரிடம் வேலை இருக்கிறது.

சேர்ந்து எழுத விரும்பினால் 1935இல் ‘ஃபேண்டஸி மேகஸின்’ என்ற வாசகர் இதழ் செய்ததைப் பாருங்கள். மூர், மெரிட், லவ்கிராஃப்ட், ஹோவர்ட், லாங் ஆகிய ஐந்து எழுத்தாளர்களும் ஆளுக்கொரு பகுதியாக ஒரே கதையை எழுதினார்கள். லவ்கிராஃப்ட் தம் பகுதியில் கதாநாயகனின் மனத்தை ஒரு புழு வடிவ வேற்றுலக உயிரின் உடலில் அடைத்துத் திகிலில் கொண்டு போய் நிறுத்தினார். அடுத்து எழுதிய ஹோவர்டோ அந்தப் புழு உடலிலேயே அவனுக்கு வெறியூட்டி, அந்த உலகத்தை ஆளப் புறப்படும் போர்வீரனாக்கிவிட்டார். இரு எழுத்தாளர்களின் சுபாவ வேறுபாட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டும் விமர்சனக் கட்டுரை எதையும் நான் படித்ததில்லை.

எழுதியதைப் பகிர்வதற்கு அவர்கள் கண்ட வழி ‘அமெச்சூர் பிரஸ் அசோசியேஷன்’ என்ற அமைப்பு. லவ்கிராஃப்ட் 1914இலேயே அப்படியொரு சங்கத்தில் சேர்ந்தவர். ஹோவர்டின் வாசகர்களுக்காக 1972இல் தொடங்கப்பட்ட சங்கமும் இதே முறையைப் பின்பற்றியது. ஒவ்வோர் உறுப்பினரும் தம் பக்கங்களை உறுப்பினர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரதியெடுத்து ஒரு பொறுப்பாளருக்கு அனுப்புவார். அவர் எல்லாவற்றையும் அடுக்கி, ஆளுக்கொரு கட்டாகத் திருப்பி அனுப்புவார். அடுத்த கட்டில் ஒவ்வொருவரும் மற்றவர்களின் பக்கங்களுக்குக் கருத்து எழுதுவார். இந்தக் கடைசி விதியை மட்டும் தளர்த்திவிடாதீர்கள். தம் எழுத்தைப் பிறர் ஊன்றிப் படிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் மனிதர்கள் தொடர்ந்து எழுதுவார்கள்.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் கிடைத்த கோனன் தொகுப்புக்கும் நண்பர் வாங்கிய புதிய பதிப்புக்கும் பல இடங்களில் வேறுபாடு காணப்படுகிறது. எதை நம்புவது? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: புதியதை நம்புங்கள், ஆனால் பழையதைத் தூக்கி எறியாதீர்கள். 1950களிலும், 1966 முதல் லான்சர் நிறுவனத்தின் மலிவுப் பதிப்புகளிலும், எழுத்தாளர் எல். ஸ்ப்ரேக் டி கேம்ப் இந்தக் கதைகளைத் தொகுத்தபோது சிலவற்றைத் திருத்தினார், முற்றுப்பெறாதவற்றை எழுதி முடித்தார். கோனனுக்குச் சம்பந்தமே இல்லாத நான்கு ஹோவர்ட் கதைகளைக் கோனன் கதைகளாகவும் மாற்றி 1955இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அது மூல ஆசிரியருக்குச் செய்த அநீதி என்றே நான் எண்ணுகிறேன். அதேசமயம், ஓவியர் ஃபிராங்க் ஃப்ரசெட்டாவின் அட்டைப்படங்களோடு வந்த லான்சர் நூல்கள்தான் ஒரு புதிய தலைமுறையை ஹோவர்டிடம் அழைத்து வந்தன என்பதையும் மறுக்க முடியாது.

மூலப் பிரதிகள் மீண்டதற்கும் ஒரு வாசகரே காரணம். டெக்சாஸைச் சேர்ந்த கிளென் லார்ட், ஹோவர்டின் கவிதைகளைத் திரட்டி 1957இல் நூலாக வரச் செய்தவர். 1961இல் ஹோவர்டுக்கென்றே ஓர் இதழும் தொடங்கியவர். ஹோவர்டின் தட்டச்சுப் பிரதிகள் நிறைந்த டிரங்குப் பெட்டி ஒன்று கைமாறிக் கைமாறி எங்கோ போயிருந்ததை விசாரித்துத் தேடி, 1965இல் ஆயிரக்கணக்கான பக்கங்களைக் கைப்பற்றினார். 2003 முதல் டெல் ரே பதிப்பகம் வெளியிட்ட தொகுப்புகள் மூலத்தோடு ஒப்பிட்டுச் செம்மை செய்யப்பட்டவை என்றால், அதற்கு அந்தப் பெட்டியும் ஒரு முக்கியக் காரணம். உங்களிடம் இரு பதிப்புகளும் இருப்பதால் ஒரு கதையை எடுத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டுக் குறிப்பெழுதுங்கள். உங்களைப் போன்ற வாசகர்களுக்கு அது பெரிதும் பயன்படும்.

கேள்வி: ஹோவர்டின் கதைகளைத் தமிழில் மொழிபெயர்த்து நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுக்கலாமா? சட்டச் சிக்கல் வருமா? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: இலவசமாகக் கொடுப்பதால் மட்டும் உரிமைப் பிரச்சினை தீர்ந்துவிடாது, மொழிபெயர்க்கும் உரிமையும் பதிப்புரிமையின் பகுதியே. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை நீடிக்கும். ஹோவர்ட் 1936இலும் லவ்கிராஃப்ட் 1937இலும் மறைந்தவர்கள் என்பதால், அவர்கள் காலத்தில் வெளிவந்த கதைகளை இங்கே மொழிபெயர்க்கத் தடையில்லை. ஸ்மித் 1961இல் மறைந்தார். அவருடைய கதைகளுக்கு 2021 இறுதியோடு காலம் முடிந்தது. மூர் 1987 வரை வாழ்ந்தவர், ஆகவே அவருக்குக் காத்திருக்க வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள் அவசியம். ஆசிரியர் இறந்தபின் முதன்முதலாக அச்சேறிய படைப்புக்கு, அது வெளிவந்த ஆண்டை வைத்தே 60 ஆண்டு கணக்கிடப்படும். 1967இல் முதன்முதலாக வெளிவந்த கோனன் கதையும் உண்டு. டி கேம்ப் திருத்திய வடிவத்தை மொழிபெயர்த்தால் அவருடைய உரிமை குறுக்கே வரும். அவர் மறைந்தது 2000இல். ஃப்ரசெட்டாவின் ஓவியத்தை அட்டையில் போடுவதற்கும் இதே நிலைதான். அமெரிக்காவிலோ, முறையாக உரிமை புதுப்பிக்கப்பட்ட பழைய படைப்புகளுக்கு வெளிவந்த ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு; கோனன் என்ற பெயரும் வணிகக் குறியாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. எனவே இணையத்தில் ஏற்றுவதற்கும் விற்பதற்கும் முன்னால் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள். நண்பர்களுக்குள் படிக்க, ‘வியர்ட் டேல்ஸ்’ வடிவத்திலிருந்து மொழிபெயர்த்துத் தொடங்குங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் இவற்றைப் படிக்க ஆசைப்படுகிறாள். ஆனால் பெண்களையும் கறுப்பினத்தவரையும் இவை சித்திரிக்கும் விதம் எனக்கு உறுத்துகிறது. என்ன செய்வது? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: உங்கள் உறுத்தல் நியாயமானது. ஹோவர்டின் சில கதைகளிலும் லவ்கிராஃப்டின் பல கதைகளிலும் இனவெறுப்பு வெளிப்படையாகவே இருக்கிறது. காலத்தைக் காரணம் காட்டி அதை மூடிவிடக் கூடாது. லவ்கிராஃப்டின் தலை உருவத்தைப் பரிசாக வழங்கிவந்த உலகக் கற்பனை இலக்கிய விருதுக் குழுவே 2015இல் அதைக் கைவிட்டது.

மகளுக்கு முதலில் மூரைக் கொடுங்கள். இண்டியானாபொலிஸில் வங்கி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் அவர். வேலைக்கு வெளியே சம்பாதிப்பது வங்கிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சித்தான் முழுப்பெயரை விட்டு முதலெழுத்துகளைப் பயன்படுத்தினார். 1934 அக்டோபரில் வெளிவந்த அவருடைய ‘பிளாக் காட்ஸ் கிஸ்’ கதையில், தோற்ற கோட்டையின் தளபதியை வென்றவன் முன்னால் இழுத்து வருகிறார்கள். தலைக்கவசத்தைக் கழற்றினால் உள்ளே இருப்பவள் ஜிரெல் என்ற பெண். பழிவாங்க ஓர் ஆயுதம் தேடி அவள் கோட்டைக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் இறங்கிப் போகிறாள். கடைசியில் அவளைச் சூழ்வது ஒன்றுமே தெரியாத கும்மிருட்டு. கழுத்தில் கிடக்கும் சிலுவையைக் கழற்றிய பிறகுதான் விண்மீன்கள் நிறைந்த வேற்றுலகம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த உலகத்தைப் பார்க்க அவள் எதைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது என்பதை மூர் விளக்கிப் பேசாமல் அந்த ஒரு செயலிலேயே காட்டிவிடுகிறார்.

அதன்பின் சார்லஸ் ஆர். சாண்டர்ஸை அறிமுகப்படுத்துங்கள். இந்தக் கதைகளை நேசித்த, ஆனால் அவற்றில் தம் மக்கள் இழிவுபடுத்தப்படுவதைப் பொறுக்காத கறுப்பின வாசகர் அவர். ஆப்பிரிக்காவை ஒத்த ஒரு கற்பனை நிலத்தில் இமாரோ என்ற வீரனைப் படைத்து, 1970களில் கனடாவின் ஒரு சிற்றிதழில் எழுதத் தொடங்கினார். 1981இல் முதல் நூல் வந்தது. ஒரு வாசகர் தமக்குப் பிடித்த இலக்கியத்தோடு சண்டையிட்டு அதை விரிவாக்கியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உங்கள் மகள் கோபத்தோடு படித்தாலும் படிக்கட்டும். அந்தக் கோபத்தை எழுதவும் சொல்லுங்கள்.

கேள்வி: உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து பழைய பல்ப் இதழ் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தொட்டாலே ஓரம் உதிர்கிறது. எப்படிப் பாதுகாப்பது? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அந்தத் தாளிலுள்ள அமிலமே அதை அரிக்கிறது, வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். செலோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். அமிலமற்ற அட்டையை முதுகுக்குக் கொடுத்து, பாலியெஸ்டர் உறையிலிட்டு, இருட்டான, காற்றோட்டமுள்ள அலமாரியில் படுக்கை வாட்டில் வையுங்கள். பிரிக்கும்போது முழுதாக விரிக்காமல் பாதியளவே திறந்து, மேலிருந்து கேமராவால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். தட்டையாக அழுத்தும் ஸ்கேனரில் வைத்தால் முதுகு முறிந்துவிடும். விளம்பரப் பக்கங்களையும் வாசகர் கடிதப் பக்கங்களையும் விட்டுவிடாதீர்கள். தொகுப்பு நூல்களில் கதைகள் கிடைக்கும், அந்தப் பக்கங்கள் கிடைப்பது அரிது.