வராத மாணவியும் வருந்தும் ஆசிரியரும்

கேள்வி: என் வகுப்பு மாணவி ஒருத்தி அடிக்கடி பள்ளிக்கு வருவதில்லை. வீட்டில் வறுமை எனத் தெரிகிறது. குடும்பத்தாரின் மனம் புண்படாமல் எப்படி உதவுவது?

பதில்: பணியில் சேர்ந்த புதிதில், ஒரு மாணவனுக்கு வகுப்பறையில் எல்லோர் முன்னிலையிலும் குறிப்பேடுகளைக் கொடுத்தேன், நல்லெண்ணத்தோடு செய்ததுதான் என்றாலும், அடுத்த இரண்டு நாள்கள் அவன் பள்ளிக்கே வரவில்லை. அந்த வருத்தம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றிலிருந்து எந்த உதவியையும் தனிமையில், பெற்றோர் வழியாகவே செய்துவருகிறேன்.

பெற்றோரைச் சந்திக்கும்போது, அவள் நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொல்லுங்கள். பிறகு, வராத நாள்களில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்கிறாளா, நோயுற்றவருக்குத் துணையிருக்கிறாளா என்பதைப் பொறுமையாகக் கேட்டறியுங்கள், ஏனெனில் காரணத்தைப் பொறுத்தே உதவியின் வடிவம் மாறும். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அவர்கள் கூசினால், 1989ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 28ஆவது பிரிவு, பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வர ஊக்குவிப்பதையும் இடைநிற்றலைக் குறைப்பதையும் அரசுகளின் கடமையாக வைத்திருக்கிறது என எடுத்துச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பிக் கொடுங்கள். விடுபட்ட பாடங்களுக்கென வாரத்தில் இருமுறை அரைமணி நேரம் ஒதுக்க முடியுமானால், அதை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.