பத்துச் சேனல் சொன்னால் உண்மையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குண்டுவெடிப்பு, துப்பாக்கிச்சூடு நடந்தால் முதல் சில மணி நேரத்தில் வரும் பெயரையும் படத்தையும் நம்ப வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. என் மகன் அமெரிக்காவில் படிக்கிறான். அவன் ஊரில் ஏதாவது நடந்தால் டிவியை அணைத்துவிட்டு என்னால் உட்கார முடியுமா? ஒரு சேனல் சொன்னால் சந்தேகப்படலாம், பத்துச் சேனலும் சொன்னால்? தப்பு என்றால் அவர்களே திருத்திவிடுகிறார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ர., மதுரை

அன்புள்ள ர.,

டிவியை அணைக்கச் சொல்ல மாட்டேன், பிள்ளை அங்கே இருக்கும்போது யாராலும் அது முடியாது. ஆனால் அந்தப் பத்துச் சேனல் விஷயத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2013 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தானில் பந்தயம் முடியும் இடத்தருகே இரண்டு குண்டுகள் வெடித்தன. இறந்தவர்கள் மூன்று பேர். அன்றே நியூயார்க் போஸ்ட் நாளிதழ் 12 பேர் என்று போட்டது. அதே ஊரில் கென்னடி நூலகத்தில் பிடித்த தீக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று நகரின் காவல்துறைத் தலைவரே பத்திரிகையாளர்களிடம் சொன்னார், அது இதோடு சம்பந்தமில்லாத தீவிபத்து என்று பிறகு தெரிந்தது. 17ஆம் தேதி மதியம் சிஎன்என், ஃபாக்ஸ் சேனல்கள், ஏபி செய்தி நிறுவனம், பாஸ்டன் குளோப் நாளிதழ் என்று வரிசையாக, ஒருவர் பிடிபட்டுவிட்டார் என்றன. நீங்கள் சொல்கிற 'எல்லோருமே சொல்கிறார்கள்' நிலைமை அன்று அப்படியே இருந்தது. யாரையும் கைது செய்யவில்லை என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ அறிக்கை விட்ட பிறகுதான் அடங்கியது.

இவர்கள் யாரும் பொய் சொல்லக் கிளம்பியவர்கள் இல்லை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு அதிகாரி ஒரு நிருபரிடம் சொல்கிறார், அந்த அதிகாரிக்கே அது இன்னொருவர் வழியாக வந்திருக்கும், இதற்குள் பக்கத்துச் சேனலில் ஓடிவிட்டது என்று இந்த ஆசிரியருக்குப் பதற்றம், அவ்வளவுதான், நான்கு இடத்தில் ஒரே சேதி. நாம் அதை நான்கு சாட்சி என்று எண்ணிக்கொள்கிறோம். ஒரே வாய்ச்சொல் நான்கு முறை ஒலித்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. 18ஆம் தேதி மாலை எஃப்பிஐ தான் சந்தேகப்பட்ட இரண்டு பேரின் படங்களை வெளியிட்டது. அன்று இரவு முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் இணையத்தில் போலீஸ் வயர்லெஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு போலீஸ்காரர் ஏதோ ஒரு குடும்பப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார், முதல் எழுத்து பிசகக் கூடாதே என்று 'மைக் (Mike) என்ற பெயரில் வரும் எம்' என்றும் சேர்த்தார். இவர்தான் குற்றவாளி என்று அவர் சொல்லவே இல்லை. கொஞ்ச நேரத்தில் மைக் என்ற முதற்பெயரோடு ஒரு குற்றவாளி ட்விட்டரில் பிறந்துவிட்டான்! கூடவே இரண்டாவது ஆளாக, ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரின் பெயரும் ஓடியது. படத்தில் இருப்பவரின் சாயல் அவரிடம் தெரிகிறது என்று ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் சிலர் கிளப்பியது அது. செய்தியாளர்களே அதைப் பகிர்ந்தார்கள். விடிந்ததும் போலீஸ் அறிவித்த பெயர்கள் இந்த இரண்டும் இல்லை, சார்னாயேவ் என்ற சகோதரர்களுடையவை.

யாருக்கு நஷ்டம் என்று கேட்டீர்களே. அந்த மாணவரைத் தேடுவதற்காகக் குடும்பத்தார் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள், அதில் வசை வந்து குவிந்ததால் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளையைக் காணோம் என்று தவிக்கிறவர்களுக்கு இருந்த ஒரு வழியும் அன்று அடைபட்டது. ரெட்டிட் பிறகு மன்னிப்புக் கேட்டது. அதற்கு மறுநாள், ஏப்ரல் 23 அன்று, பிராவிடன்ஸ் ஆற்றில் அவர் உடல் கிடைத்தது. திருத்தம் வந்தது, மன்னிப்பும் வந்தது, சரி. அந்தத் தாய்க்கு எந்தத் திருத்தத்தால் எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்? இதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ளவே முடியவில்லை.

நம் ஊரிலும் 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. ஒன்றில் அடித்துக்கொண்டவர்கள் பீகார்க்காரர்களேதான், இன்னொன்றில் கோவை ஆட்கள் இருவர் என்று டிஜிபி விளக்கம் கொடுத்தார். அதற்குள் விஷயம் பீகார் சட்டமன்றம் வரை போய், அங்கிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வீடியோ உண்மைதான், யாரோ அடிபட்டார்கள்தான். அடித்தது யார், எதற்காக என்று ஒட்டிய தலைப்பு பொய்.

உங்கள் மகன் ஊரில் ஏதாவது என்றால் முதலில் அவனுக்கு போன் போடுங்கள், கிடைக்காவிட்டால் மெசேஜ் போட்டுவிட்டு அவன் கல்லூரியின் அவசர அறிவிப்பையும் அந்த நகரப் போலீஸின் பக்கத்தையும் பாருங்கள். டிவி பாட்டுக்கு ஓடட்டும். 'போலீஸ் வட்டாரம் தெரிவித்தது' என்று வந்தால் எந்த வட்டாரம், பேர் சொல்லிப் பேசியது யார் என்று பாருங்கள். சாவு எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும், அதை உறவினர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 'இவன்தான் சுட்டவன்' என்று ஒரு முகம் வந்தால் தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் இது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.