தொன் கணக்கை விடுங்க, சிலிண்டரைப் பாருங்க

தம்பி, உங்கட கேள்வி வந்த நேரம் நான் லீவில ஊருக்கு வந்து கொக்கட்டிச்சோலையில நிக்கிறன். போன வருசம் ஒண்டாரியோ வந்திருக்கிறீங்க, பட்டணத்துக்கு வெளியில வாடகை வீடு, விறகு அடுப்புத்தான் வீட்டுக்குச் சூடு. வளவில விழுந்து கிடக்கிற மேப்பிள், எல்ம் மரத்தையெல்லாம் வீட்டுக்காரர் எரிக்கச் சொல்லித் தந்திட்டார். கட்டை ஒவ்வொண்டும் ரெண்டடி குறுக்களவு, முழுக்கக் கணு. விறகு பிளக்கிற மெஷின் 27 தொன் காணுமா, 37 தொன் வேணுமா, இல்லாட்டி ஊரில மாதிரி கோடாலியோடயே சமாளிக்கலாமா? இதானே கேள்வி.

கோடாலிக் கதையை முதல் முடிப்பம். இதை எழுதக்குள்ளயே வெளியில மச்சான் ஒரு புளியங்கட்டையோட மல்லுக்கட்டிக்கொண்டு நிக்கிறார். 1978 நவம்பர் சூறாவளி எங்கட மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட பிறகு, விழுந்த மரத்தையெல்லாம் அப்பா கொத்தினது எனக்கு நல்ல ஞாபகம். கணுக்கட்டையில அவர் நடுவில கோடாலி போடவே மாட்டார். ஓரத்தில இருந்து உரிச்சு உரிச்சு வருவார், கடைசியா கணு மட்டும் தனியா மிஞ்சும். இந்தப் பழக்கத்தை விட்டுடாதீங்க, மெஷினுக்கும் இதேதான். ஆனா இங்க கொத்துறது ஒரு பானை சோத்துக்கு. அங்க ஒரு விண்டருக்கு. அங்க விறகை அளக்கிறது கோர்ட் கணக்கில, ஒரு கோர்ட் எண்டா 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம், 128 கன அடி விறகு. என்ட வீட்டுக்கு நாலஞ்சு கோர்ட் போகும். அதோட எல்ம் எங்கட புளியைப் போலத்தான், நார் ஒண்டுக்குள்ள ஒண்டு பின்னிக் கிடக்கும். பிளந்தாலும் ரெண்டு பாதியும் நாரில தொங்கிக்கொண்டு நிக்கும். மெஷின் வேணும்.

இனி தொன், அதாவது ஒயில் அழுத்தத்தில சிலிண்டர் தள்ளுற விசை. ஸ்டிக்கரில போட்டிருக்கிற தொன்னை அப்படியே நம்பாதீங்க. சிலிண்டரின்ட உள்விட்டத்தைக் கேளுங்க, பம்பின்ட அழுத்தத்தைக் கேளுங்க, மிச்சம் பள்ளிக்கூடக் கணக்கு. சதுர அங்குலத்துக்கு 3000 இறாத்தல் அழுத்தம் எண்டு வையுங்க. 4 அங்குலச் சிலிண்டர் கிட்டத்தட்ட 19 தொன் தள்ளும். நாலரை எண்டா 24. 5 எண்டா 29க்குக் கொஞ்சம் மேல. (அங்க ஒரு தொன் எண்டா 2000 இறாத்தல்.) நாலரை அங்குலச் சிலிண்டரைப் பூட்டிட்டு 37 எண்டு எழுதியிருந்தா, அந்தக் கணக்கு எங்க இருந்து வந்தது எண்டு கடைக்காரரிட்டயே கேளுங்க. உங்கட கட்டைக்கு உண்மையான 25, 30 தொன் தாராளம். அதுக்கு மேல போறது காசுக்குப் பிடிச்ச கேடு.

தொன்னை விட முக்கியமான ஒண்டை நீங்க கேட்கவேயில்ல. மெஷின் நிமிர்ந்து நிண்டும் வேலை செய்யுமா? ரெண்டடி குறுக்களவு, 16 அங்குல நீளத்தில அறுத்த பச்சை மேப்பிள் கட்டை ஒண்டு கிட்டத்தட்ட நூறு கிலோ வரும். நெல்லுமூட்டை தூக்கின உடம்புதானே எண்டு நினைச்சு, படுக்கையா மட்டும் வேலை செய்யிற பழைய மெஷின் ஒண்டை நான் முதல் வாங்கினன். பதினோராவது கட்டையோட இடுப்பு பிடிச்சு, மறுகா ஒரு மாசம் சப்பாத்துக் கயிறு கட்டவும் மனிசிதான். நிமிர்த்திற மெஷின் எண்டா கட்டையை உருட்டிக்கொண்டு வந்து தட்டில வைச்சாக் காணும், ஆப்பு மேல இருந்து இறங்கும். கணுவில ஆப்பு இறுகிப்போனா, அது திரும்பி ஏறக்குள்ள கட்டையைத் தட்டிக் கழட்ட ரெண்டு பக்கமும் இரும்புத் தட்டு இருக்கோணும். அதில்லாட்டி அரை நாள் சுத்தியலோடதான் போகும்.

பம்ப் ரெண்டு கட்டமா வேலை செய்யிறதா எடுங்க. சும்மா போகக்குள்ள கெதியா ஓடும், கட்டை முட்டினதும் வேகத்தைக் குறைச்சு அழுத்தத்தைக் கூட்டும். மின்சாரத்தில ஓடுற சின்ன மெஷின்கள் மெல்லிய கட்டைக்கு மட்டும். பாரச் சக்கரம் சுழண்ட விசையில பறக்கிற வேகத்தில அடிக்கிற மெஷின் நேர்நாருள்ள மரத்துக்கு அருமை, உங்கட எல்முக்குச் சரிவராது. கடுங்குளிரில ஒயில் தடிச்சுப்போகும், கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு மறுகா வேலையைத் தொடங்குங்க.

மெஷினும் அசையாத கவர்க்கட்டையா? 16 அங்குலத்தை 12 ஆக்குங்க. அதுக்கும் மசியாட்டி செயின் சோவால நாரோட நாரா நெடுக்கா அறுங்க.

லீவரைப் பிடிக்கிற ஆள்தான் கட்டையையும் வைக்கோணும். ஒருத்தர் பிடிக்க மற்றவர் இழுத்து விரல் போன கதைகள் அங்க நிறைய. ஒயில் குழாய் கசியுதா எண்டு கையால தடவிப் பார்க்கிற வேலை வேணவே வேணாம். ஊசித் துவாரத்தால வாற ஒயில் தோலுக்குள்ள பாய்ஞ்சிடும். வெளியில சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளுக்க கை அழுகும், உடன ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய காயம். காட்போட் மட்டை ஒண்டைப் பிடிச்சுப் பாருங்க.

இன்னொண்டு, இப்ப பிளக்கிற பச்சை விறகு இந்த விண்டருக்கு உதவாது. ஈரப்பதன் 20 வீதத்துக்குக் கீழ இறங்கோணும், பருத்த கட்டைக்கு ஒரு வருசமும் போதாது. இந்த வருசத்துக்குக் காய்ஞ்ச விறகை வாங்குங்க.

வாடகை வீட்டில இருந்துகொண்டு ஆயிரக்கணக்கில காசு போட்டு வாங்காதீங்க தம்பி. ஒரு சனி, ஞாயிறுக்கு மெஷினை வாடகைக்கு எடுத்துப் பாருங்க. நான் சித்திரைக்குப் பிறகு திரும்பி வருவன். என்ட மெஷினை வாகனத்துக்குப் பின்னால கொழுவிக்கொண்டு வரலாம், மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல அதை இழுக்கேலாது, ஹைவேயில ஏற மாட்டன். உங்கட வீட்டுக்கு உள்றோட்டால என்ன தூரம் வரும் எண்டு பார்த்துச் சொல்லுங்க.