பறவைகள் எப்போது பாடும், எப்போது அடங்கும்: கேள்வி பதில்

கேள்வி: 2020 ஊரடங்கின்போது பறவைகள் உரக்கப் பாடினவா, நமக்குத்தான் அப்படித் தோன்றியதா? (கோவை)

பதில்: நமக்குத்தான் தோன்றியது. சான் பிரான்சிஸ்கோவில் வெண்முடிச் சிட்டுக்குருவிகளின் பாட்டை அப்போது அளந்து பார்த்தார்கள். ஒலி கூடவில்லை, குறைந்திருந்தது! சாலை வண்டிகளின் இரைச்சல் அடங்கியதும் தொண்டையை வருத்த வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் அந்த மென்மையான பாட்டு ஏறத்தாழ இருமடங்கு தொலைவுக்கு எட்டியது. முன்பு இரைச்சலில் மூழ்கிப்போன கீழ்ச்சுருதிகளும் திரும்பின. நகரத்துப் பறவைகளின் பாட்டு கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: மற்ற நாட்களில் எப்படிச் சமாளிக்கின்றன? (சென்னை)

பதில்: நெதர்லாந்தின் லைடன் நகரில், நம் பட்டாணிக்குருவியின் உறவான கிரேட் டிட், இரைச்சல் மிகுந்த இடங்களில் கூடுதல் சுருதியில் பாடுவதை 2003இல் கண்டறிந்தார்கள். போக்குவரத்தின் ஒலி பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதே காரணம். பெர்லினின் நைட்டிங்கேல்கள் குரலை உயர்த்துகின்றன. அதுவும் வேலை நாள் காலையில் கூடுதலாக, வார இறுதியில் தணிவாக. அவற்றுக்கு நாட்காட்டி தெரியாது, அலுவலகம் போகும் வண்டிகளைத் தெரியும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராபின்களோ நேரத்தையே மாற்றிக்கொண்டன. பகலில் இரைச்சல் அதிகமுள்ள இடங்களில் இரவில் பாடுகின்றன.

கேள்வி: எங்கள் தெருக் குயில் விடியுமுன்பே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது. தெருவிளக்கா காரணம்? (மதுரை)

பதில்: குயில் விளக்கில்லாத ஊரிலும் இருட்டில் கூவும்; காகம் கூடு கட்டும் பருவம் முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் விளக்குக்கும் பங்கு உண்டு. வியன்னா அருகே தெருவிளக்கை ஒட்டி வாழ்ந்த காட்டுப் பறவைகளில் பல இனங்களின் ஆண்கள், மற்றவற்றைவிட முன்னதாகவே விடியற்பாட்டைத் தொடங்கின.

கேள்வி: மழையில் பாடுமா? (வால்பாறை)

பதில்: பொதுவாகக் குறையும். மழையின் ஒலியால் ஓர் ஆந்தையின் அலறல் எட்டும் பரப்பு 69 மடங்கு சுருங்கக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியிருக்கக் கத்தி என்ன பயன்? உங்கள் ஓடைக்கரைச் சீகாரப் பூங்குருவி விதிவிலக்கு, மழைக்காலத்திலும் சீட்டியடிக்கும்.

கேள்வி: பகல் நீள்வதுதான் பாட்டைத் தூண்டுகிறது என்கிறார்கள். வெப்பமண்டலத்தில் பகல் பெரிதாக மாறாதே? (யாழ்ப்பாணம்)

பதில்: நல்ல கேள்வி. குளிர்நாடுகளில் நீளும் பகல் டெஸ்டோஸ்டிரோன் என்ற பாலியல் இயக்குநீரைக் கூட்டி, மூளையின் பாட்டுப் பகுதியையே பெருக்கச் செய்கிறது. பனாமா காடுகளின் புள்ளி எறும்புக்குருவிக்கோ 17 நிமிடம் கூடினாலே போதும், உடல் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுகிறது. அதோடு இரையையும் பார்க்கிறது. ஆய்வுக்கூடத்தில் உயிருள்ள பூச்சிகளைக் கொடுத்ததும் பாட்டு கூடியது.