வாடகைக்கு ஆள் இருக்கும் வீடு: சொலிசிட்டரை எப்போது பிடிப்பது? கேள்வி பதில்

வீடு வாங்கி விற்கும் ஆவண வேலையில் பல காலம் இருந்தவள் என்பதால், வாடகைக்கு ஆள் இருக்கும்போதே விலைக்கு வரும் வீடுகளைப் பற்றியும், வாங்குபவரின் சட்ட வேலையைப் பார்க்கும் வழக்கறிஞரான சொலிசிட்டரைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாம் இங்கிலாந்துச் சட்டப்படி. ஸ்கொட்லாந்தில் வாங்கும் முறையே வேறு. வேல்ஸில் 2022 டிசம்பர் முதல் வாடகைச் சட்டம் தனி.

கேள்வி (ஹரோ): அக்கா, ஒரு வீடு பிடித்திருக்கிறது. உள்ளே ஒரு குடும்பம் பல வருடமாக வாடகைக்கு இருக்கிறது. ஆஃபரை ஏற்றுக்கொண்ட பிறகு சொலிசிட்டரைப் பார்த்தால் போதும் என்கிறார் ஏஜென்ட். சரியா?

பதில்: காலி வீடு என்றால் சரி. உங்கள் விஷயத்தில் ஆஃபர் போடும் முன்பே ஒருவரைத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்ச், அதாவது இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்வது, அது வரை யாரையும் எதுவும் கட்டுப்படுத்தாது, பிறகு பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் நீங்கள் எவ்வளவு கொடுக்கலாம் என்பதே அந்த வாடகை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஏஜென்டிடம் அதன் பிரதியைக் கேட்டு வாங்கி, அதை மட்டும் முதலில் படித்துச் சொல்லும்படி சொலிசிட்டரிடம் சொல்லுங்கள். இதற்குத் தனியாக ஒரு சிறு கட்டணம் வாங்கிப் படித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, அவர்கள் எப்போது குடிவந்தார்கள் என்பது. 1989 ஜனவரி 15க்கு முன் வந்தவர் என்றால், பெரும்பாலும் 1977ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இருக்கும். வாடகைக்கு அரசு அலுவலகம் உச்சவரம்பு வைக்கும், அவரை எழுப்புவது மிகக் கடினம், அவர் இறந்தாலும் கூட வாழும் கணவனுக்கோ மனைவிக்கோ உரிமை தொடரும். அப்படிப்பட்ட வீடு சந்தை விலையைவிட நன்றாகக் குறைந்துதான் போகும். இது தெரியாமல் முழு விலைக்கு ஆஃபர் போட்டுவிட்டு, சர்வேக்கும் (வீட்டின் நிலையைப் பரிசோதிப்பது) சர்ச்சுக்கும் (கவுன்சில் போன்ற இடங்களின் பதிவுகளைத் தேடிப் பார்ப்பது) காசு கட்டிய பிறகு சொலிசிட்டர் சொல்லித் தெரிந்துகொண்டால் அந்தக் காசு திரும்பி வராது. "பல வருடமாக" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை வருடம் என்று இன்றைக்கே கேளுங்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): ஏலத்தில் எடுக்க யோசிக்கிறேன். ஏலம் கிடைத்த பிறகு சொலிசிட்டர் பிடிக்க நேரம் இருக்குமா?

பதில்: வேலை செய்ய நேரம் இருக்கும், பின்வாங்க இருக்காது. வழக்கமான ஏலத்தில் சுத்தியல் விழுந்த கணமே ஒப்பந்தம் முடிந்தது. பொதுவாக அன்றே 10 சதவீதம் கட்ட வேண்டும், மீதி 28 நாளில். ஏலக்காரர் போடும் லீகல் பேக்கை, அதாவது அந்த வீட்டின் சட்ட ஆவணத் தொகுப்பை, அதற்கு முன்பே சொலிசிட்டர் படித்திருக்க வேண்டும். குறிப்பாக, சிறப்பு நிபந்தனைகளை. விற்பவருக்கு வரவேண்டிய பழைய வாடகைப் பாக்கியை வாங்குபவர் கட்ட வேண்டும் என்ற வரி அங்கேதான் ஒளிந்திருக்கும். வாடகை ஒப்பந்தமே அந்தத் தொகுப்பில் இல்லையென்றால், என்னைக் கேட்டால், கை தூக்காதீர்கள்.

கேள்வி (இல்ஃபோர்ட்): நாங்கள் குடிபோகத்தான் வாங்குகிறோம். வாடகைக்காரர்கள் போய்விடுவார்கள், கவலைப்படாதீர்கள் என்கிறார் விற்பவர். எப்போது கையெழுத்து வைக்கலாம் அக்கா?

பதில்: அவர்கள் போன பிறகு. போவார்கள் என்பதற்கும் போய்விட்டார்கள் என்பதற்கும் நடுவில் சில நேரம் ஒரு வருடமே ஓடிவிடும்.

2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் எழுப்பும் 21ஆம் பிரிவு நோட்டீஸ் இல்லை. வீட்டை விற்கப் போகிறேன் என்ற காரணத்தைக் காட்டித்தான் விற்பவர் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்கு நான்கு மாத அவகாசம். குடிவந்து முதல் 12 மாதத்துக்குள் அந்தக் காரணத்துக்காக எழுப்ப முடியாது. நோட்டீஸ் முடிந்தும் அவர்கள் போகவில்லை என்றால் நீதிமன்றம்தான். இதற்குள் உங்கள் மோர்ட்கேஜ் ஆஃபர் காலாவதியாகிவிடலாம், பெரும்பாலானவை ஆறு மாதம் அளவுக்குத்தான் செல்லும். சொந்தக் குடியிருப்புக்குக் கடன் கொடுக்கும் வங்கி, வீடு காலியாக இருந்தால்தான் பணத்தை விடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நில உரிமைப் பதிவில் வாடகைக்காரர் பெயர் இல்லையே என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். ஏழு வருடத்துக்கு மேற்படாத குத்தகை (வீட்டு வாடகையும் இதில் அடக்கம்) பதிவு செய்யப்படாமலே வாங்குபவரைக் கட்டுப்படுத்தும். அதனால் ஒப்பந்தத்தில் வீட்டைக் காலியாக ஒப்படைக்க வேண்டும் என்று இருக்க வேண்டும், எக்ஸ்சேஞ்சுக்கு முன் நீங்களே நேரில் போய் அறை அறையாகப் பார்க்க வேண்டும். சொலிசிட்டர் வீட்டுக்கு வந்து பார்க்க மாட்டார். அது அவர் வேலையும் இல்லை.

விற்பவர் நோட்டீஸ் கொடுத்தாரா, எந்தத் தேதியில், எந்தப் படிவத்தில் என்று ஆரம்பத்திலேயே சொலிசிட்டர் மூலம் எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் சர்ச், சர்வே எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள்.

கேள்வி (டூட்டிங்): விற்பவரின் சொலிசிட்டரையே நாங்களும் வைத்தால் மலிவாக முடியாதா? அல்லது ஏஜென்ட் சொல்லும் ஆளையா?

பதில்: முதலாவது வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் நலன் மோதும் இடத்தில் ஒரே சொலிசிட்டர் நிற்க விதி அனுமதிக்காது. வாடகைக்காரர் உள்ளே இருக்கும் விற்பனையில் மோத எத்தனையோ இருக்கிறது. ஏஜென்ட் சொல்லும் ஆள் நல்லவராகவும் இருக்கலாம், ஆனால் அனுப்பி வைத்ததற்குக் கமிஷன் உண்டா என்று கேளுங்கள், சொல்லத்தான் வேண்டும். வீடு வாங்கி விற்கும் சட்ட வேலைக்கென்றே உரிமம் பெற்ற கன்வேயன்சரும் இந்த வேலையைச் செய்யலாம். யாராக இருந்தாலும் உங்கள் வங்கி ஏற்றுக்கொள்ளும் ஆட்களின் பட்டியலில் இருக்கிறாரா, வாடகைக்காரரோடு விற்ற வீடுகளைக் கையாண்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): முற்பணத்தில் ஒரு பகுதி சீட்டுக் காசு, ஒரு பகுதி மாமா தருவது. இதை எப்போது சொல்ல வேண்டும்?

பதில்: முதல் நாளே. நம்மவர்களின் கோப்புகள் அதிகம் தேங்கி நிற்பது இங்கேதான். பணம் எங்கிருந்து வந்தது என்று சோதிப்பது பணச்சலவைச் சட்டப்படி சொலிசிட்டரின் கடமை. உங்களை நம்பவில்லை என்று அர்த்தமில்லை. மாமா தருவது அன்பளிப்பு, திருப்பிக் கேட்க மாட்டார், வீட்டில் பங்கும் கேட்க மாட்டார் என்று கடிதம் வேண்டும், அவருடைய அடையாள ஆவணமும் வங்கிக் கணக்கு விவரமும் கேட்கலாம். வங்கிக்கும் தெரிய வேண்டும். சீட்டுக் காசைக் கையில் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வங்கியில் போட்டிருந்தால் விளக்குவது பெரும்பாடு. இன்னும் எடுக்கவில்லை என்றால் வங்கி வழியாகவே வரச் செய்யுங்கள், மாதாமாதம் கட்டியதற்கான தடயத்தையும் திரட்டி வையுங்கள். இதனாலேயே சொலிசிட்டரைச் சீக்கிரம் பிடிக்கச் சொல்வேன்.

கேள்வி (குரொய்டன்): வாடகைக்காரரோடுதான் வாங்குகிறேன், வருமானத்துக்கு. அவர் கொடுத்த டிபொசிட் யாருக்கு?

பதில்: அவருக்கே சொந்தம், இனி பொறுப்பு உங்களுக்கு. அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் 30 நாளுக்குள் போட்டு, அதற்கான விவரங்களையும் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் டிபொசிட்டின் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை அபராதம் வரலாம், அந்தத் தலைவலி புதிய உரிமையாளர் தலையிலும் விழலாம். சான்றிதழை எக்ஸ்சேஞ்சுக்கு முன் கையில் வாங்குங்கள். அதோடு எரிவாயுச் சான்றிதழ், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் மின் சோதனை அறிக்கை, இங்கே வாடகைக்கு இருக்க அவருக்கு உரிமை உண்டா (ரைட் டு ரென்ட்) என்று சோதித்ததற்கான பிரதிகள். அறை அறையாகத் தனித்தனி ஆட்கள் இருந்தால் கவுன்சில் உரிமம் வேண்டுமா என்றும் கேளுங்கள். விற்பவரின் உரிமம் உங்கள் பெயருக்கு மாறாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி (அதே நண்பர்): இரண்டு மாத வாடகைப் பாக்கி இருக்கிறதாம். நான் வசூலிக்கலாமா?

பதில்: 1996 ஜனவரி 1 முதல் தொடங்கிய வாடகை ஒப்பந்தம் என்றால், விற்பனைக்கு முந்தைய பாக்கி தானாக உங்களுக்கு வராது. எழுத்தில் மாற்றித் தர வேண்டும். அதைவிட, பாக்கி வைப்பவரைத்தானே வாங்குகிறீர்கள், அதை விலையில் பேசுங்கள்.

கேள்வி (லெஸ்டர்): சாவி கைக்கு வந்த பிறகு சொலிசிட்டர் வேலை முடிந்ததா?

பதில்: இன்னும் இல்லை. புதிய உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் வாடகைக்காரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மாத வாடகை என்றால் இரண்டு மாதத்துக்குள். நியாயமான காரணமின்றித் தவறினால் அது குற்றம். அவர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒரு முகவரியும் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கும் வரை வாடகை கேட்கும் உரிமையே வராது. கம்ப்ளீஷன் அன்றே, அதாவது முழுப் பணமும் கொடுத்து வீடு உங்களுக்கு மாறும் நாளிலேயே, விற்பவரிடமிருந்தும் ஒரு கடிதம் வாங்கச் சொல்லுங்கள், இனி வாடகையைப் புதியவருக்குக் கட்டுங்கள் என்று. இந்தக் கடிதங்கள் எல்லாம் பேசிய கட்டணத்துக்குள் வருமா என்று ஆரம்பத்திலேயே கேட்டு வையுங்கள், பலர் இதற்குத் தனியாகப் பில் போடுவார்கள்.