கம்பைக் கீழே வைத்துவிட்டு ரிங்கில் ஏறலாமா?

வாசகர் கேள்விகளுக்குச் சுங்கை சிப்புட் சிலம்ப ஆசிரியர் ஒருவர் பதில் எழுதுகிறார்

கேள்வி: ஆசானே, எனக்கு வயது 19. ஏழு வருடம் சிலம்பமும் குத்துவரிசையும் கற்றவன். இப்போது ஈப்போவில் ஒரு ஜிம்மில் எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) பழகுகிறேன். அங்குள்ள நண்பர்கள், சீனாவில் ஒரு தாய்ச்சி மாஸ்டர் சில விநாடிகளில் அடிபட்டு விழும் வீடியோவைக் காட்டி, "உங்க சிலம்பமும் இப்படித்தான், கோயில் திருவிழாவுக்கு மட்டும்தான் ஆகும்" என்கிறார்கள். ஏழு வருடமும் வீண்தானா?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, அந்த வீடியோவை நானும் பார்த்திருக்கிறேன். 2017 ஏப்ரலில் செங்டூ நகரில் நடந்தது. சூ சியாவ்தோங் என்ற எம்எம்ஏ பயிற்சியாளர், வெய் லெய் என்ற தாய்ச்சி ஆசிரியரை அரை நிமிடம்கூட ஆகாமல் கீழே தள்ளிவிட்டார். விழுந்தவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் விழுந்த இடத்தில் நானும் விழுந்திருக்கிறேன்.

நான் பிறந்தது பட்டணத்திலிருந்து ஒன்பது மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டம். அப்பா பால்மரம் வெட்டுபவர். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் கேஸ் விளக்கு வெளிச்சத்தில் எங்கள் ஆசான் சொல்லிக்கொடுப்பார். எட்டு வருடம் அவரிடம் பழகினேன். 1993இல் எனக்கு 22 வயது. வடக்கே தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பொருட்காட்சியில் தோமோய் சண்டை, கையாலும் காலாலும் முட்டியாலும் அடிக்கும் ஆட்டம். யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்றார்கள். ஏறினேன். எதிரில் நின்றவன் என்னைவிட நாலு கிலோ குறைவு.

முதல் ஒரு நிமிடம் நன்றாகத்தான் போனது. அவனால் என் முகத்தைத் தொட முடியவில்லை. நான் விலகி விலகி நின்றேன். அதைப் புரிந்துகொண்டவன், முகத்தை விட்டுவிட்டு என் இடது தொடையில் உதைக்க ஆரம்பித்தான். நாலு உதை. ஐந்தாவது உதைக்கு முன்பே அந்தக் கால் எனக்குச் சொந்தமில்லை. இரண்டாவது சுற்றில் இரண்டு கைகளாலும் என் கழுத்தைக் கட்டிப்பிடித்து முட்டியால் விலாவில் இடித்தான். எட்டு வருடத்தில் என் கழுத்தை யாரும் அப்படிப் பிடித்ததே இல்லை. என்ன செய்வதென்று என் உடம்புக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் பிரட்டுக்கு (தோட்ட வேலைக்குக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போக முடியாமல் லயத்தில் படுத்துக் கிடந்தேன்.

படுத்துக் கிடந்தபோதுதான் காரணம் விளங்கியது. கம்பு பிடிக்கும்போது நம் முன்கால் நீண்டு, பாரம் தாங்கி நிற்கும். கையில் ஐந்தடிப் பிரம்பு இருக்கும்வரை அந்தக் காலை எவனும் நெருங்க மாட்டான். பிரம்பைக் கீழே வைத்தால் அதே கால்தான் அவனுக்கு முதலில் எட்டும். நிலையில் ஒரு குற்றமும் இல்லை. அது கம்புக்காக வந்த நிலை, நான் அதை அப்படியே வெறுங்கைச் சண்டைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. என் ஆசான் காலத்தில் கம்பு முனையில் துணியைச் சுற்றி, கரித்தூளை எண்ணெயில் குழைத்துத் தடவி விளையாடுவார்கள். யார் உடம்பில் அதிகக் கறையோ அவன் தோற்றவன். அடி உண்மையான அடி, எதிராளியும் உண்மையாகவே எதிர்ப்பான். நான் பழக வந்த காலத்தில் அது குறைந்து, திருவிழாவிலும் பள்ளி விளையாட்டுப் போட்டித் திறப்பு விழாவிலும் கம்பு சுற்றுவதே பெரிதாகிவிட்டது. பார்க்க அழகு, கூட்டம் கைதட்டும். ஆனால் காற்று திருப்பி அடிக்காது தம்பி.

உன் நண்பர்கள் "பழைய கலை, புதிய கலை" என்று பிரித்துப் பேசுகிறார்கள். அந்தக் கணக்கே தப்பு. நான் தோமோயில் அடிவாங்கிய அதே 1993இல், நவம்பர் மாதம் அமெரிக்காவில் டென்வரில், எந்தக் கலைக்காரரும் மோதலாம் என்ற யுஎஃப்சி போட்டி முதன்முதலாக நடந்தது. ஒரே இரவில் மூன்று பேரை வென்றவர் ராய்ஸ் கிரேசி, 80 கிலோ இருந்தாலே அதிகம். அவர் குடும்பத்து வித்தை எங்கிருந்து வந்தது? மித்சுயோ மயேடா என்ற ஜூடோக்காரர் ஜப்பானிலிருந்து பிரேசிலுக்குப் போய் விதைத்தது. அந்த ஜூடோவை 1882இல் உண்டாக்கிய ஜிகோரோ கானோ, பழைய ஜுஜுத்சுவில் ஆளை ஊனமாக்கும் பிடிகளை ஒதுக்கிவைத்தார். மீதி இருப்பதைத் தினமும் முழு பலத்தோடு, எதிர்க்கிற ஆள்மேல் போட்டுப் பழக வைத்தார். கண்ணைக் குத்தும் வித்தையை யார்மேல் பழகுவது? பழக முடியாத வித்தை நாளடைவில் கதையாகிவிடும். ஆளைத் தூக்கிப் போடுவதை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பழகலாம்.

தாய்லாந்தின் முவாய் தாயும் பழையதுதான். கையில் கயிறு சுற்றி அடித்துக்கொண்டிருந்தவர்கள் கையுறை, சுற்று, ரிங் என்று மாறினார்கள். பாங்காக்கில் ராஜதம்னன் அரங்கம் 1945இலேயே திறந்துவிட்டது. வாரா வாரம் மோதியதால் ஆகாதது உதிர்ந்தது, ஆகிறது நின்றது. கராத்தேயிலிருந்து வந்த லியோட்டோ மச்சிடா 2009இல் யுஎஃப்சி பட்டம் வென்றார். 2011இல் டொராண்டோவில் ராண்டி கூட்டூரைத் தாடையில் ஒரு முன்னுதை உதைத்து விழவைத்தார். அந்தச் சண்டையைத் தேடிப் பார். உதையைவிட, அதற்கு முன் அவர் தூரத்தை அளந்து உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனி. உனக்கு அது பழக்கமானதாகத் தெரியும். நம் காலடி, பாவலா காட்டி எதிராளியை அசைய வைப்பது, கையைப் பார்க்காமல் தோளைப் பார்ப்பது, எல்லாம் அதே கணக்கு.

தரைச் சண்டைக்கு வருவோம். நம் மலேசிய எம்எம்ஏ வீரர் அகிலன் தானி 2017 மே மாதம் சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப் பட்டத்துக்காக பென் ஆஸ்கிரனோடு மோதினார். பையன் பயப்படாமல்தான் போனான், எனக்கு அதில் இன்றும் பெருமை. ஆனால் ஆஸ்கிரன் ஒலிம்பிக்கில் மல்யுத்தம் ஆடியவர், முதல் சுற்றிலேயே தரைக்குக் கொண்டுபோய் இறுக்கிவிட்டார். மல்யுத்தத்தைவிடப் பழைய சண்டைக்கலை எது, சொல்? புறநானூற்று 80ஆம் பாட்டில் சோழன் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றது வருகிறது: ஒரு கால் அவன் மார்பை அழுத்துகிறது, இன்னொரு கால் அவன் எதிர்ப்பைத் தடுத்துப் பின்னால் வளைகிறது. இன்று ஜிம்மில் உனக்கு மாஸ்டர் காட்டுவதும் இதுதான். நம்மிடம் இருந்தது, நாம்தான் தோட்டத்துக்குக் கொண்டுவரவில்லை.

ஆகவே உன் ஏழு வருடம் வீண் இல்லை, போதவும் போதாது. முன்காலில் பாரத்தைக் குறை. குத்துவரிசையில் இடுப்பருகே நிற்கும் கையைத் தாடைக்கு ஏற்று. முதல் ஆறு மாதம் போட்டிக்குப் பெயர் கொடுக்காதே. அந்த ஆறு மாதமும் கட்டிப்பிடி, விழுவது, எழுவது, இதை மட்டும் பழகு. ஐந்து நிமிடச் சுற்று என்பது நம் வீச்சு முறையில் இல்லாத மூச்சு, அதற்குத் தனியாக ஓடு. சனிக்கிழமை மாலை என் வகுப்புக்கு வா. பஞ்சு சுற்றிய கம்பு, தலைக்கவசம் போட்டுத் தொடு ஆட்டம் ஆடுகிறோம், அப்புறம் கம்பை வைத்துவிட்டுப் பெரிய கையுறை மாட்டுகிறோம். வாய்க்கவசம் மட்டும் நீயே கொண்டுவர வேண்டும்.

கேள்வி: வர்மம் தெரிந்தவர் ஒரே தொடுதலில் எம்எம்ஏ வீரரைச் சாய்த்துவிடுவார் என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகர், தாப்பா

பதில்: வியர்வையில் நனைந்து, அசைந்துகொண்டே, உங்களையும் அடித்துக்கொண்டிருக்கும் ஆளிடம் விரல்முனை அளவு இடத்தைக் குறிவைத்துத் தொட்டவரை நான் பார்த்ததில்லை. தாடை, கல்லீரல் பக்கம், கழுத்து, இந்த இடங்களில் அடிபட்டால் ஆள் விழுவான். அதைக் குத்துச்சண்டைக்காரர்களும் நன்றாக அறிவார்கள், தினமும் அதற்காகவே பழகுகிறார்கள். என் முழங்கால் வீங்கியபோது தடவிச் சரிசெய்தவர் ஒரு வர்ம வைத்தியர்தான், அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. தமிழ்ப்பள்ளியில் சிலம்பம் கற்கிறாள். தற்காப்புக்கு உதவாது, முவாய் தாயில் சேர்த்துவிடு என்று என் அண்ணன் சொல்கிறார். மாற்றிவிடலாமா ஐயா?
- ஒரு தாய், கோலகங்சார்

பதில்: மாற்ற வேண்டாம் அம்மா, முதலில் ஒரு மாலை போய் உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று சுற்றுவதோடு முடிகிறதா, ஜோடி சேர்ந்து ஒருவரையொருவர் தொட முயல்கிறார்களா என்று கவனியுங்கள். ஜோடி ஆட்டம் இருந்தால் நல்ல வகுப்பு. இல்லை என்றால் வாத்தியாரிடம் மரியாதையாகக் கேளுங்கள், பெரும்பாலும் கவசம் வாங்கப் பணம் இல்லாததால்தான் விட்டிருப்பார்கள். பெற்றோர் நாலு பேர் சேர்ந்தால் முடியும்.

என் மகளும் கம்பில்தான் தொடங்கினாள், 14 வயதில் ஜூடோவும் சேர்ந்தாள். தன்மேல் ஒரு கம்பு வேகமாக வரும்போது கண்ணை மூடாமல் பார்க்கிற பழக்கம் அவளுக்குச் சிலம்பத்தில் வந்தது. கையைப் பிடித்தால் உதறுவது ஜூடோவில் வந்தது. உங்கள் மகளுக்கும் இரண்டு மூன்று வருடம் கழித்து அப்படி ஒன்றைச் சேர்க்கலாம். அவசரமில்லை.

ஒன்று மட்டும் இந்த வாரமே பாருங்கள். கம்பு அவள் நெற்றி உயரம் இருக்க வேண்டும். பள்ளியில் எல்லாருக்கும் ஒரே அளவில் கொடுப்பார்கள். 11 வயதுப் பிள்ளைக்கு அது நீளமாக இருந்து மணிக்கட்டு வலிக்கும்.